வாசகர் கேள்வி பதில்: ஆஸ்திரேலியக் கால்பந்தும் அதன் கிளப்புகளும்

ஆஸ்திரேலியக் கால்பந்து என்றால் என்ன என்று கேட்ட ஒரு வாசகருக்குச் சென்ற இதழில் நான்கு வரியில் விடை எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுக் குமரி மேற்குக் கடற்கரையிலிருந்தும், பாலக்காட்டுக் கிழக்கு எல்லையிலிருந்தும், ஆந்திரத்தின் குப்பம் பகுதியிலிருந்தும் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. மகளோ மருமகனோ மெல்பர்னிலும் ஜீலாங்கிலும் பெர்த்திலும் வேலை பார்க்கும் வீடுகள் இந்த எல்லை ஊர்களில் பெருகிவிட்டதால், இது இனி நமக்குத் தொலைவிலுள்ள விளையாட்டு அல்ல. ஆகவே இம்மாதப் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், மார்த்தாண்டம்: என் மகன் அனுப்பிய காணொளியில் ஓர் ஆட்டம் பார்த்தேன். பந்தைக் கையால் பிடிக்கிறார்கள், காலால் உதைக்கிறார்கள், எதிராளியைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுகிறார்கள். நடுவரோ பேசாமல் நிற்கிறார். இதற்கு விதி என்று ஒன்று உண்டா?

உண்டு ஐயா, அதுவும் மிகப் பழைய விதி. 1858 ஜூலை மாதம் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் மெல்பர்ன் இதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் உடல் தளர்ந்து போகாமலிருக்க ஒரு கால்பந்து கிளப் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு மே 17 அன்று மெல்பர்ன் கால்பந்து கிளப்பைச் சேர்ந்த சிலர் கூடி விதிகளை எழுதினார்கள். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் தன் விதிகளை வகுத்தது 1863-இல்தான். கிரிக்கெட் ஆட்டக்காரர்களிடையே பிறந்ததால்தான் இந்த விளையாட்டு இன்றும் கிரிக்கெட்டுக்குரிய நீள்வட்ட மைதானத்தில் நடக்கிறது. மைதானத்தின் நீளம் 135 முதல் 185 மீட்டர் வரையும் அகலம் 110 முதல் 155 மீட்டர் வரையும் இருக்கலாம். எல்லா மைதானமும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை.

களத்தில் ஒரு பக்கத்துக்கு 18 பேர் ஆடுகிறார்கள். பந்து ரக்பிப் பந்தைப் போல நீள்வடிவம் கொண்டது. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் வரிசையாக நிற்கும். நடுவிலுள்ள இரண்டும் உயரமானவை, ஓரத்திலுள்ள இரண்டும் குட்டையானவை. நடுக் கம்பங்களுக்கிடையே, வேறு யார் மேலும் படாமல், உதைத்துப் பந்தைச் செலுத்தினால் அது கோல், அதற்கு 6 புள்ளி. நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனாலோ, நடுக் கம்பத்தில் பட்டாலோ, பிறர் கைபட்டுப் போனாலோ 1 புள்ளி; அதை 'பிஹைண்ட்' என்கிறார்கள். கோலுக்குப் பின்னால் நிற்கும் நடுவர் கோலுக்கு இரண்டு கொடியும் பிஹைண்டுக்கு ஒரு கொடியும் அசைப்பார். ஓர் அணி 12 கோலும் 8 பிஹைண்டும் எடுத்திருந்தால் பலகையில் 12.8 என்றும் அருகில் 80 என்றும் எழுதியிருக்கும். தங்கள் மகன் அடுத்த காணொளியை அனுப்பும்போது அந்தப் பலகையைப் பாருங்கள். மூன்று எண்கள் ஏன் இருக்கின்றன என்பது விளங்கிவிடும்.

பந்தைக் கையால் எறிவது குற்றம். ஒரு கையில் பந்தை வைத்து, மடக்கிய மறு கையால் குத்தித்தான் தோழனுக்கு அனுப்ப வேண்டும். பந்தோடு ஓடுகிறவர் ஏறத்தாழ 15 மீட்டருக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்டியாக வேண்டும், அல்லது குனிந்து தரையைத் தொடவைக்க வேண்டும். நீங்கள் பார்த்த கட்டிப்பிடித்தல், பந்து வைத்திருப்பவர் மீது மட்டும், தோளுக்குக் கீழும் முழங்காலுக்கு மேலுமே அனுமதிக்கப்படுகிறது; கழுத்தில் கை பட்டாலும் முதுகில் தள்ளினாலும் நடுவர் உடனே ஊதுவார். ஆஃப்சைடு என்ற விதியே கிடையாது. அதனால் 36 பேரும் மைதானமெங்கும் பரவி நிற்பார்கள், பந்தைத் தொடாதவரும் ஓடிக்கொண்டே இருப்பார்.

நான் மிகவும் விரும்புவது இதிலுள்ள 'மார்க்' என்னும் முறையை. குறைந்தது 15 மீட்டர் தூரம் உதைக்கப்பட்ட பந்தை, தரையில் விழாமலும் வேறொருவர் தொடாமலும் பிடித்துவிட்டால், பிடித்தவரை அதன்பின் யாரும் நெருங்கக் கூடாது. அவர் நின்று நிதானித்து உதைக்கலாம். அந்த ஒரு பிடிக்காக ஆட்டக்காரர்கள் எதிராளியின் தோள்மீது முழங்காலை ஊன்றி எழும்புவதை, உடற்கல்வி கற்பித்த தாங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். எழும்பும் நேரம், கையை விரிக்கும் விதம், பந்திலிருந்து கண் எடுக்காமை ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடம் அது.

விளையாட்டுக் கிளப் செயலாளர், தூத்தூர் பக்கத்துக் கடலோர ஊர்: எங்கள் கிளப்பில் பெரியவர், இளையவர், பள்ளிப் பிள்ளைகள் என மூன்று அணிகள் உண்டு. கடலுக்குப் போகிறவர்கள் தரும் பங்கும் வளைகுடாவில் இருப்பவர்கள் அனுப்பும் பணமும்தான் வரவு. பையன்கள் ஆழ்கடலுக்குப் போய்விட்டால் அணியே இல்லை. அங்கே ஊர்க் கிளப்புகளை எப்படி நடத்துகிறார்கள்?

தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அடுத்தடுத்துக் கிடக்கும் அந்தக் கரை, சந்தோஷ் டிராபி அணிகளுக்கும், மைக்கேல் சூசைராஜ் போன்றவர்கள் மூலம் இந்தியன் சூப்பர் லீகுக்கும் ஆட்டக்காரர்களை அனுப்பிய கரை. ஆகவே கால்பந்து கிளப் என்றால் என்ன என்பதை உங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர்களுடைய முறையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை உண்டு.

ஆஸ்திரேலியாவின் ஒரு சாதாரண ஊர்க் கிளப்பில் ஒரு சனிக்கிழமை எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். காலையில் சிறுவர் அல்லது இளையோர் ஆட்டம், நண்பகலில் இரண்டாம் அணியான 'ரிசர்வ்ஸ்' ஆட்டம், பிற்பகலில் முதல் அணியான 'சீனியர்ஸ்' ஆட்டம் என ஒரே மைதானத்தில், ஒரே எதிர்க் கிளப்போடு, அடுத்தடுத்து நடக்கின்றன. நாட்டுப்புறங்களில் பல கிளப்புகள் கால்பந்துக்கும், கூடைப்பந்தை ஒத்த, பெரும்பாலும் பெண்கள் ஆடும் நெட்பாலுக்கும் பொதுவானவை. மைதானத்தின் ஓரத்திலேயே நெட்பால் களம் இருக்கும். அண்ணன் இங்கே ஆட, தங்கை அங்கே ஆடுவாள். வண்டிகளை மைதானத்தைச் சுற்றி மூக்கை உள்நோக்கி நிறுத்தி, உள்ளேயிருந்தபடியே பார்ப்பவர்கள் கோல் விழுந்ததும் ஹாரன் அடிப்பார்கள். ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகளில் மூன்றாவது முடிந்ததும் பயிற்சியாளர் தம் ஆட்டக்காரர்களைச் சுற்றி நிறுத்திப் பேசுவதைக் கேட்க, ஊர்க்காரர்களும் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் போய் அந்த வட்டத்துக்குப் பின்னால் நிற்பார்கள். பெரிய ஆட்டங்களில் இதற்கு இடமில்லை. ஊர் ஆட்டத்தில் இது இன்றும் வழக்கம், யாரும் தடுப்பதில்லை.

இதையெல்லாம் நடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத ஊர்க்காரர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் கொண்ட குழுவை ஆண்டுதோறும் உறுப்பினர் கூட்டம் தேர்ந்தெடுக்கிறது. அவர்களுக்கு அப்பால், கணுக்காலுக்குப் பட்டை ஒட்டுபவர், தண்ணீர் கொண்டு ஓடுபவர், பயிற்சியாளரின் சொல்லைக் களத்துக்குக் கொண்டு செல்பவர், சட்டைகளைத் துவைத்து எண் வரிசையில் அடுக்குபவர், கேன்டீனில் மாவுக்குள் இறைச்சி அடைத்த 'பை' என்னும் பண்டம் சுடுபவர், கதவருகே நின்று நுழைவுப் பணம் வாங்குபவர் என்று ஒரு பெரிய கூட்டமே உண்டு. கோடு பார்க்கவும் கோல் பார்க்கவும் வெளியிலிருந்து நடுவர் வராத கீழ்ப் பிரிவுகளில், இரு கிளப்பும் ஆளுக்கொருவரைக் கொடுக்கின்றன. நேரம் பார்ப்பவர்களும் அப்படியே. எதிரெதிர்க் கிளப்பைச் சேர்ந்த இருவர் ஒரே அறையில் அருகருகே உட்கார்ந்து ஒரே சைரனை அழுத்துகிறார்கள். தோற்றால் வருந்தப்போகிற ஒருவரிடமே கொடியைக் கொடுத்து நம்பிக்கையோடு கோலுக்குப் பின்னால் நிறுத்துவது எளிய காரியம் அல்ல. நம் திருவிழாக் கால ஆட்டங்களில் நடுவரின் ஒரு தீர்ப்புக்காக இரண்டு ஊர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிற எனக்கு, இதுவே அங்குள்ள மிக அரிய வழக்கமாகத் தோன்றுகிறது.

வரவைப் பொறுத்தவரை, உறுப்பினர் கட்டணம், கேன்டீன், மது விற்பனை, உள்ளூர்க் கடைகளின் விளம்பரம், விருந்து, குலுக்கல் ஆகியவைதான் பெரும்பகுதி. மைதானம் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தமானது. குளிர்காலத்தில் கால்பந்துக்கும் கோடையில் கிரிக்கெட்டுக்கும் விடப்படுகிறது. செவ்வாயும் வியாழனும் மாலைப் பயிற்சி நடக்கும். வியாழன் பயிற்சிக்குப் பின் அணி தேர்வாகி அறிவிக்கப்படும். வென்ற அன்று உடை மாற்றும் அறையில் தோளோடு தோள் சேர்ந்து கிளப் பாட்டைப் பாடுவார்கள்.

ஆள் இல்லாமல் போகும் துன்பம் அவர்களுக்கும் உண்டு. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டதால் பல நாட்டுப்புறக் கிளப்புகள், தலைமுறை தலைமுறையாகப் பகை பாராட்டிய பக்கத்து ஊர்க் கிளப்போடு சேர்ந்து இரண்டு ஊர்ப் பெயரையும் தாங்கி ஆடுகின்றன. தாங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் 'ரிசர்வ்ஸ்' முறையைத் தங்கள் ஊருக்கு நான் வலியுறுத்திச் சொல்வேன். முதல் அணியில் ஆறு பேர் கடலில் இருக்கும்போது அதே உடையில், அதே ஆட்டமுறையில் பழகிய ஆறு பேர் கரையில் இருப்பார்கள். இரண்டாம் அணிக்கு எப்போதோ ஓர் ஆட்டம் என்றில்லாமல், முதல் அணி ஆடும் ஒவ்வொரு நாளும் முன்னதாக ஓர் ஆட்டம் கிடைத்தால்தான் இது கைகூடும். கரை நெடுக உள்ள கிளப்புகள் கூடிப் பேசினால் இரண்டாம் அணிகளுக்கென்று ஓர் அட்டவணை போடுவது இயலாததல்ல.

இன்னொன்று. அங்கே ஒருவர் எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை கோல் போட்டார் என்று ஊர்க் கிளப்பும் எழுதி வைக்கிறது. நூறாவது ஆட்டத்தன்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதும், ஆண்டு முடிவில் அந்த அணியின் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்துச் சுவரிலுள்ள பலகையில் பெயர் பொறிப்பதும், நெடுங்காலம் உழைத்தவரை, கேன்டீனில் உழைத்தவராயினும், வாழ்நாள் உறுப்பினர் ஆக்குவதும் அந்தப் பதிவேடு இருப்பதால்தான் நடக்கின்றன. உங்கள் படிப்பகத்தில் கோப்பைகள் வரிசையாக இருக்கும். அந்தக் கோப்பையை வென்ற நாளில் யார் யார் ஆடினார்கள் என்ற பட்டியல் இருக்கிறதா? வயதானவர்கள் நினைவோடு இருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போய் எழுதிவிடுங்கள்.

ஒரு பாட்டி, களியக்காவிளை: மகள் ஜீலாங்கில் நர்ஸாக இருக்கிறாள். ஆறு வயதுப் பேரனை இந்த விளையாட்டில் சேர்க்கப் போகிறார்களாம். இடுப்பொடிந்து விடாதா? நான் வேண்டாம் என்று சொல்லலாமா?

அம்மா, வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆறு வயதுக் குழந்தைகள் சேர்வது 'ஆஸ்கிக்' என்னும் பயிற்சியில். அதில் கட்டிப்பிடித்துத் தள்ளுவது கிடையாது. சிறிய பந்து, சிறிய களம், உதைக்கவும் பிடிக்கவும் பழகுதல், சிறு சிறு ஆட்டங்கள் ஆகியவைதான். பெற்றோரே பயிற்சியாளர்களாக நிற்பார்கள். உங்கள் மருமகனையும் ஒருநாள் தொப்பி போட்டு நிறுத்திவிடுவார்கள். அதன்பின் வயதுக்கேற்ற இளையோர் அணிகளில் விதிகள் படிப்படியாகக் கடுமையாகும்.

ஆனால் தங்கள் அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வளர்ந்தபின் இது உடலோடு உடல் மோதும் ஆட்டம்தான். முழங்கால் தசைநார் அறுவதும் தலையில் அடிபடுவதும் நடக்கின்றன. தலையடியை முன்பு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய ஆட்டக்காரர்கள் சிலரின் மூளையை அவர்கள் இறந்தபின் ஆராய்ந்தபோது, திரும்பத் திரும்பப் பட்ட அடியால் வரும் நோய் கண்டறியப்பட்டது. இப்போது ஊர்க் கிளப்புகளுக்கான நெறிமுறை, தலையடியால் மூளை அதிர்வு ஏற்பட்டவர் குறைந்தது 21 நாள் கழித்தே மீண்டும் ஆட்டத்தில் இறங்கலாம் என்று சொல்கிறது. பேரன் வளர்ந்து அந்த நிலைக்கு வரும்போது, பல்லுக்கு உறை போட்டுத்தான் ஆட வேண்டும் என்பதையும், அடிபட்டால் மறைக்கக் கூடாது என்பதையும் பாட்டி சொன்னால் கேட்பான். நர்ஸான தங்கள் மகளுக்கு இவை தெரிந்திருக்கும். எல்லா ஊர்க் கிளப்புகளும் முதலுதவி தெரிந்தவரைத் தேடிக்கொண்டே இருப்பதால், அவரையும் அங்கே வரவேற்பார்கள்.

அந்த ஊரில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு நண்பர்கள் கிடைக்கும் இடம், பள்ளிக்கூடத்துக்கு அடுத்தபடியாக இந்த மைதானம்தான். ஜீலாங் வேறு, 1859-இலேயே கிளப் தொடங்கிய ஊர்.

தபால் ஊழியர், குலசேகரம்: பிரவுன்லோ பதக்கம் யாருக்குத் தரப்படுகிறது?

ஆஸ்திரேலியக் கால்பந்து லீகின் வழக்கமான பருவத்தில் சிறப்பாகவும் நேர்மையாகவும் ஆடியவருக்கு. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் கள நடுவர்களே மூன்று பேருக்கு 3, 2, 1 என்று வாக்களிக்கிறார்கள். அது முத்திரையிட்டு வைக்கப்பட்டு, இறுதிப் போட்டிக்கு முந்தைய திங்கள் இரவு திறந்து எண்ணப்படும். 1924 முதல் வழங்கப்படும் இந்தப் பதக்கம், ஜீலாங் கிளப்புக்காக உழைத்த சார்லஸ் பிரவுன்லோவின் பெயரைத் தாங்கியது. 'நேர்மை' என்பது வெறும் அலங்காரச் சொல் அல்ல. முரட்டாட்டத்துக்காக அந்தப் பருவத்தில் தடை பெற்றவர் எத்தனை வாக்கு வாங்கினாலும் தகுதி இழப்பார். 1997-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கிளப்பின் கிறிஸ் கிராண்ட் எல்லோரையும்விட அதிக வாக்கு பெற்றும், ஓர் ஆட்டத் தடையின் காரணமாகப் பதக்கம் செயின்ட் கில்டாவின் ராபர்ட் ஹார்விக்குப் போயிற்று.

வங்கி ஊழியர், கொழிஞ்சாம்பாறை: நம் நாட்டில் அணியை ஒரு நிறுவனம் வாங்குகிறது, விற்கிறது, கலைக்கிறது. அங்கே கிளப் யாருடைய சொத்து? ஒரு கிளப் நொடித்துப் போனால் ஆதரவாளர்கள் என்ன செய்வார்கள்?

பெரிய லீகிலும் பெரும்பாலான கிளப்புகள் உறுப்பினர்களுக்கு உரியவை. ஆண்டுக் கட்டணம் செலுத்தும் உறுப்பினர் நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்களிக்கிறார். காலிங்வுட் கிளப்பின் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. இதனால் கிளப்புகள் சாகாவரம் பெற்றுவிடவில்லை. ஆனால் சாகும்போது சும்மா சாகவில்லை.

பின்னாளில் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் ஆன விக்டோரியக் கால்பந்து லீக் (மெல்பர்ன் உள்ள மாநிலம் விக்டோரியா) 1897-இல் எட்டுக் கிளப்புகளோடு ஆட்டத்தைத் தொடங்கியது. 1908-இல் இரண்டு கிளப்புகளும், 1925-இல் ஃபுட்ஸ்க்ரே, ஹாதார்ன், நார்த் மெல்பர்ன் ஆகிய மூன்றும் சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை மெல்பர்னின் ஒவ்வொரு பேட்டைக்கும் உரியவை. எண்பதுகளில் கடன் ஏறியது; லீகும் நாடு முழுவதும் பரவ விரும்பியது. சவுத் மெல்பர்ன் கிளப் 1982-இல் சிட்னிக்குப் பெயர்க்கப்பட்டது. பேட்டை ஆட்களில் ஒரு பகுதியினர் மனம் வெறுத்துப் போனார்கள்; மற்றவர்கள் அதே சிவப்பு வெள்ளைச் சட்டைக்காகத் தொலைவிலிருந்தே காத்திருந்தார்கள். 1933-க்குப் பின் அந்தக் கிளப் அடுத்த கோப்பையைத் தொட்டது 2005-இல், 72 ஆண்டுகள் கழித்து.

1989-இல் ஃபுட்ஸ்க்ரேயை ஃபிட்ஸ்ராயோடு இணைக்க முடிவாயிற்று. மெல்பர்னின் மேற்கில், தொழிற்சாலைகள் சூழ்ந்த, புலம்பெயர்ந்தோர் நிறைந்த பகுதி ஃபுட்ஸ்க்ரே. செல்வர்களின் கிளப் அல்ல. அங்குள்ள மக்கள் மைதானத்தில் கூடினார்கள், உண்டியல் குலுக்கினார்கள், வீடு வீடாகப் போனார்கள். சில வாரங்களுக்குள் தேவையான பணத்தைத் திரட்டி இணைப்பைத் தடுத்துவிட்டார்கள். அந்தக் கிளப்தான் பின்னர் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு 2016-இல், 1954-க்குப் பின் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அன்று அணித் தலைவர் பாப் மர்ஃபி காயத்தால் ஆட முடியாமல் வெளியே நின்றார். பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் அவரை மேடைக்கு அழைத்துத் தம் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி அவருக்கு அணிவித்தார்.

1996-இல் ஹாதார்ன், மெல்பர்ன் கிளப்புகளை இணைக்கும் திட்டம் வந்தபோது அது உறுப்பினர் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. மெல்பர்ன் உறுப்பினர்கள் ஏற்றார்கள், ஹாதார்ன் உறுப்பினர்கள் மறுத்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. உறுப்பினர் அட்டைக்கு அங்கே என்ன மதிப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஃபிட்ஸ்ராய்க்கு அந்த நல்லூழ் இல்லை. எட்டு முறை கோப்பை வென்ற அந்தப் பழைய கிளப், 1996 செப்டம்பர் முதல் நாள், சொந்த ஊரிலிருந்து வெகு தொலைவில், மேற்கு ஆஸ்திரேலியாவில் தன் கடைசி லீக் ஆட்டத்தை ஆடியது. பின்னர் பிரிஸ்பன் பேர்ஸ் கிளப்போடு இணைக்கப்பட்டுப் பிரிஸ்பன் லயன்ஸ் உருவாயிற்று. அந்த அணி 2001, 2002, 2003 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றபோது மெல்பர்னின் பழைய ஃபிட்ஸ்ராய்க்காரர்கள் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் தங்கள் கிளப் செத்துப்போயிற்று என்றே கூறினார்கள். இரு தரப்பையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2009 முதல் ஃபிட்ஸ்ராய் என்ற பெயரிலேயே, பழைய பிரன்ஸ்விக் தெரு மைதானத்தில், சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களின் சங்கப் போட்டிகளில் ஓர் அணி ஆடிவருகிறது. தொலைக்காட்சி இல்லை, லட்சக்கணக்கான கூட்டமும் இல்லை. தாங்கள் கேட்ட கேள்விக்கு, ஆதரவாளர்கள் செய்தது இதுதான்.

கல்லூரி மாணவி, செங்கோட்டை: பெண்கள் ஆடுகிறார்களா? அல்லது நெட்பாலோடு நிறுத்திவிடுகிறார்களா?

ஆடுகிறார்கள். வெகுகாலம் அவர்களை நெட்பால் களத்திலும் கேன்டீனிலுமே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது உண்மை. ஊர் அளவில் பெண்கள் தாங்களாகவே லீக் நடத்தி ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். தேசிய அளவிலான பெண்கள் லீக் 2017-இல்தான் எட்டு அணிகளோடு வந்தது. 2017 பிப்ரவரி 3 அன்று மெல்பர்னின் பிரின்சஸ் பார்க்கில் கார்ல்டனும் காலிங்வுட்டும் முதல் ஆட்டத்தில் மோதின. 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே நிறைந்துவிட, கதவுகளைப் பூட்ட வேண்டியதாயிற்று. பலர் வெளியே நின்றார்கள். 2022-க்குள் 18 கிளப்புகளுக்கும் பெண்கள் அணி வந்துவிட்டது. கூடைப்பந்தில் புகழ்பெற்றுவிட்டு இங்கே வந்த எரின் ஃபிலிப்ஸ் 2017, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீகின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

களத்தில் ஒரு பக்கத்துக்கு 16 பேர் என்பது போன்ற சில வேறுபாடுகள் உண்டு. ஊர்க் கிளப்புகளில் பெண்கள் அணி வந்ததும் முதலில் எழுந்த கேள்வி உடை மாற்றும் அறையைப் பற்றியது. ஆண்களுக்கென்றே கட்டிய பழைய அறைகளை மாற்றியமைக்க உள்ளாட்சி மன்றங்கள் செலவழிக்க வேண்டியிருந்தது. ஒரு விளையாட்டைப் பெண்களுக்குத் திறந்துவிட்டோம் என்று அறிவிப்பது ஒரு நாள் வேலை. கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறையைக் கட்டித் தருவதுதான் மெய்யான வேலை. நம் பக்கத்துக் கல்லூரி மைதானங்களுக்கும் இது பொருந்தும்.

இளைஞர், குப்பம்: அங்கே படிக்கப் போகிறேன். நம் நிறத்தவரைச் சேர்த்துக்கொள்வார்களா? உண்மையை எழுதுங்கள்.

உண்மையை எழுதுகிறேன். இந்த விளையாட்டு, ஆதிக்குடி மக்களின் கைக்கும் காலுக்கும் பெரிதும் கடன்பட்டது. விக்டோரியாவின் ஆதிக்குடியினர் ஆடிய 'மார்ன்கிரூக்' என்ற பந்தாட்டம் இதன் பிறப்புக்கு ஊற்றாக இருந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அவர்களுடைய ஆட்டக்காரர்கள் இல்லாமல் இன்றைய ஆட்டம் இல்லை என்பதில் ஐயமில்லை. அப்படியிருந்தும் அவர்களை மைதானத்திலேயே இழித்துப் பேசினார்கள். 1993 ஏப்ரல் 17 அன்று, காலிங்வுட்டின் விக்டோரியா பார்க் மைதானத்தில், ஆட்டம் முழுவதும் வசை கேட்டு வென்று முடித்த செயின்ட் கில்டா ஆட்டக்காரர் நிக்கி வின்மார், எதிர்க் கூட்டத்தை நோக்கித் தம் சட்டையை உயர்த்தித் தம் கருநிற வயிற்றை விரலால் சுட்டிக் காட்டினார். இரண்டு ஆண்டுக்குப் பின் எசண்டன் கிளப்பின் மைக்கேல் லாங் தம்மீது வீசப்பட்ட வசையை விழுங்க மறுத்து முறையிட்டதால், 1995-இல் இனவசைக்கு எதிரான விதி லீகில் வந்தது.

விதி வந்ததால் நோய் தீரவில்லை. இரண்டு முறை பிரவுன்லோ வென்றவரும், 2014-இல் அந்நாட்டின் ஆண்டின் சிறந்த மனிதராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான சிட்னி அணியின் ஆடம் குட்ஸ், இனவெறியை எதிர்த்துப் பேசியதற்காக மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டு விரட்டப்பட்டு, 2015-இல் ஓய்வு பெற்றார். லீகும் 18 கிளப்புகளும் 2019-இல் அவரிடம் மன்னிப்புக் கேட்டன. அந்த மன்னிப்பு அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே வந்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. சூடானில் பிறந்து அகதியாக வந்த மாஜக் டா 2013-இல் நார்த் மெல்பர்னுக்காக இறங்கினார். நோன்பு நோற்கும் முஸ்லிமான பஷார் ஹூலி 2017, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளில் ரிச்மண்ட் அணியோடு கோப்பை வென்றார். வெஸ்ட் கோஸ்ட் அணி 2006-இல் வென்றபோது அதில் ஆடிய டேனியல் கெர் தந்தை வழியில் இந்திய வேர்கள் கொண்டவர்.

நீங்கள் செய்யக்கூடியது இது. போய்ச் சேர்ந்ததும் தங்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஊர்க் கிளப்பைக் கண்டுபிடித்து, பருவம் தொடங்கும் ஏப்ரலுக்கு முன்பாகவே பயிற்சி நடக்கும் ஒரு மாலையில் காலணியோடு போய் நில்லுங்கள். முன்பின் ஆடியதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ரிசர்வ்ஸ் அணிக்கு எந்தக் கிளப்பிலும் ஆள் மிஞ்சிப் போவதில்லை. எவரேனும் நிறத்தையோ மதத்தையோ இழுத்துப் பேசினால் அதைப் பொறுத்துக்கொள்வதுதான் ஆண்மை என்று நினைக்க வேண்டாம். ஊர் லீக்குகளிலும் அதற்கெனப் புகார் முறை உண்டு. கிளப் செயலாளரிடம் அன்றே சொல்லுங்கள். அவர் அசட்டை செய்தால் வேறு கிளப்புக்கு மாறிவிடுங்கள்.

பதினேழு வயது ஆட்டக்காரர், சின்னத்துறை: இதை இங்கே ஆடிப் பார்க்க முடியுமா? எங்களுக்கு அவ்வளவு பெரிய மைதானம் இல்லை.

முடியும் தம்பி. மெல்பர்னில் நடந்த சர்வதேசக் கோப்பையில் 2008-இலேயே இந்திய அணி ஒன்று ஆடியிருக்கிறது. பெரிய மைதானம் இல்லாதவர்களுக்கென்றே ஒரு பக்கத்துக்கு 9 பேர் ஆடும் முறை இருக்கிறது. அதில் கட்டிப்பிடித்துத் தள்ளுவது கிடையாது. உங்கள் கால்பந்து மைதானமே போதும். ஒவ்வொரு முனையிலும் நான்கு சவுக்குக் கம்புகளை நடுங்கள். லீகில் கம்பத்துக்குக் கம்பம் 6.4 மீட்டர் இடைவெளி. நீங்கள் ஐந்து மீட்டர் வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. பந்துதான் சிக்கல். ஆஸ்திரேலியாவிலிருந்து விடுமுறைக்கு வரும் யாரிடமாவது ஒரு 'ஷெரின்' பந்து கொண்டுவரச் சொல்லுங்கள்; 1880 வாக்கிலிருந்து அந்தப் பெயரில்தான் செய்கிறார்கள், காற்றை இறக்கிவிட்டால் பெட்டியில் இடம் அடைக்காது. அது வரும் வரை ரக்பிப் பந்தை வைத்துப் பழகலாம்.

முதல் வாரம் முழுவதும் உதையை மட்டும் பழகுங்கள். பந்தின் நீளவாட்டை நேராகப் பிடித்து, எறியாமல் கையிலிருந்து நழுவவிட்டு, தரையைத் தொடுமுன் புறங்காலின் எலும்பால் அதன் கீழ் முனையை உதைக்க வேண்டும். சரியாகப் பட்டால் பந்து பின்னோக்கிச் சுழன்றபடி நேராகப் போகும், பிடிப்பவருக்கும் எளிதாக இருக்கும். காலணி இல்லாமல் மணலில் உதைத்துப் பழகிய உங்களுக்குக் காலின் பலம் இருக்கிறது. கையிலிருந்து பந்தை விடும் விதம்தான் புதிதாக வர வேண்டும். இரண்டு பேர் இருபது மீட்டர் தள்ளி நின்று மாறி மாறி உதைத்துப் பிடியுங்கள், பிறகு அதையே ஓடிக்கொண்டே செய்யுங்கள். கைக்குத்து, தட்டி ஓடுதல் எல்லாவற்றையும் இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தன்று புள்ளி எழுத ஒருவரை உட்கார வையுங்கள். கோல், பிஹைண்ட், மொத்தம் என்று மூன்று கட்டம் போட்டு, ஆடிய 18 பேரின் பெயரையும் மேலே எழுதச் சொல்லுங்கள்.